சீதை பொட்டு வைத்துக்கொண்ட மரமாம்!

எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. ஐயாறப்பர் கோயில் மாதிரி பாடல் பெற்ற தலமெல்லாம் இல்லை. பின்னால் ஒரு அரைக் குழி நிலம் கிடக்கிறது, அதைத்தான் நந்தவனம் என்கிறோம். நாலு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை, ஒரு வில்வம். போன மாதம் அங்கே ஏழாவதாக ஒரு கன்று வந்து இறங்கியது. தெருவில் பிறந்து வளர்ந்து இப்போது பெங்களூரில் நல்ல உத்தியோகத்தில் இருக்கும் ஒரு தம்பியின் உபயம். கன்றோடு கிரானைட் பலகைக்கும் பணம் கொடுத்துவிட்டார். பலகையில் என்ன பொறிக்க வேண்டும் என்பதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

"குங்கும மரம். திரேதா யுகத்தில் வனவாசத்தின்போது சீதாப்பிராட்டி இம்மரத்தின் காயிலிருந்தே குங்குமம் இட்டுக்கொண்டார். நம் முன்னோர் அனைவரும் பயன்படுத்திய, பக்க விளைவு இல்லாத குங்குமம்."

தெருவில் மனு எழுதுவதென்றாலும் நோட்டீஸ் அடிப்பதென்றாலும் என்னிடம்தான் வரும். முப்பத்தைந்து வருஷம் கிளார்க்காக இருந்தவனுக்கு ரிட்டயர் ஆன பிறகும் அதே வேலைதான். "பிழை பார்த்துக் கொடுங்க சார்" என்றார் அந்தத் தம்பி. பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. மற்றபடி இருக்கிற மூன்று வாக்கியமும் பிழை. அதைச் சொன்னதிலிருந்து நான் தெருவில் நாத்திகன், மரத்துக்கு விரோதி, "பிரெஞ்சுக்காரன்" என்றெல்லாம் பெயர் வாங்கியிருக்கிறேன். எனவே என் பக்கத்து நோட்டிங்கை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். படித்துவிட்டு நீங்களே ஆர்டர் போடுங்கள்.

முதலில் ஒன்று. அந்த மரத்துக்கு நான் விரோதி இல்லை. என் வீட்டுக் கொல்லையிலேயே ஒன்று நிற்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நானே நர்சரியில் காசு கொடுத்து வாங்கி வைத்தேன். காரணம் என் வீட்டு அம்மாள். அவளுக்கு நெற்றியில் பொட்டு வைக்கிற இடத்தில் அரிப்பு வந்து, பிறகு அந்த வட்டம் கறுத்துப் போய்விட்டது. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "கடைக் குங்குமத்தை நிறுத்துங்கள்" என்றார். ஐம்பது வருஷம் குங்குமம் வைத்த நெற்றியை வெறுமனே வைத்துக்கொள் என்றால் ஒரு பெண்பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அவள் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கல்யாணம் காட்சிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான் நர்சரிக்காரர், "சார், இது குங்கும மரம், சீதை காலத்து மரம்" என்றார். நானும் நம்பித்தான் வாங்கினேன். அதனால் ஏமாந்தவன் என்கிற தகுதியில் பேச எனக்கு உரிமை உண்டு.

மூன்றாம் வருஷம் பூத்தது. இளஞ்சிவப்பில் அழகான பூ. பிறகு ஆமணக்குக் காய் மாதிரி மேலெல்லாம் மெத்தென்ற முள்ளோடு கொத்துக் கொத்தாகச் சிவப்புக் காய்கள். காய்ந்ததும் இரண்டாகப் பிளந்துகொள்ளும். உள்ளே சின்னச் சின்ன விதைகள். விதையின் மேல்தோலில் மெழுகு மாதிரி ஒரு செம்மை ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம் பிடித்துக்கொள்ளும். முதல் காயை உடைத்து விதையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. இந்த விதையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அறுபது வருஷத்துக்கு முன்னால், காரைக்காலில், ஒரு பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில்.

நான் பிறந்தது காரைக்கால் பக்கம், திருவையாறு என் மனைவியின் ஊர் என்பது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கிவிட்டது. 1954 நவம்பர் 1. ஆனால் புத்தகம் இறங்கவில்லை. காவிரி எங்கே உற்பத்தியாகிறது என்று தெரியாமலே லுவார் நதியின் உபநதிகளை வரிசையாக ஒப்பிப்போம். பிரான்சின் பூர்வகுடிகளான கோல் இனத்தார்தான் நமக்கும் முன்னோர் என்கிற தோரணையில் சரித்திரம் நடக்கும். மாநிறத்திலும் கறுப்பிலும் நாற்பது பையன்கள், அரைஞாண் கயிறு கட்டிக்கொண்டு, பொன்னிற மீசை வைத்த முன்னோரைப் பற்றி மனப்பாடம் செய்தோம்!

பூகோளத்தில் தென் அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட கயானா வரும். அங்கே உள்ள செவ்விந்தியக் குடிகள் உடம்பில் பூசிக்கொள்ளும் சிவப்புச் சாயம் ரூக்கூ என்று ஒரு படம். முள்ளுக் காய், பிளந்த காய், விதை. எங்கள் முசே அதோடு நிறுத்தவில்லை. "பிரான்சின் வடக்கே ஒரு சீஸ் செய்வார்கள், பூசணிக்காய்க் கீற்று மாதிரி ஆரஞ்சு நிறம், அந்த நிறம் இந்த விதையிலிருந்துதான்" என்றார். சீஸ் என்றால் என்னவென்றே அறியாத பிள்ளைகளுக்கு அது பெரிய அதிசயம். அதனால்தான் மறக்கவில்லை.

கொல்லையில் நிற்பது அந்த ரூக்கூ மரம்தான். விலாசம் சரிபார்க்காமல் தபாலை டெஸ்பாட்ச் செய்து பழக்கமில்லை என்பதால் தேடியும் பார்த்தேன். தாவரவியல் பெயர் பிக்சா ஒரெலானா. 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயர். ஒரெலானா யார் என்றால், 1541-42-ல் அமேசான் நதியில் படகில் இறங்கிக் கடல்வரை போன ஸ்பெயின்காரர் பிரான்சிஸ்கோ தெ ஒரெலானா. மரத்தின் தாய்வீடு வெப்பமண்டல அமெரிக்கா. கொலம்பஸ் போய் வந்த பிறகு, ஐரோப்பியர் கப்பல்களில்தான் உலகத்தின் இந்தப் பக்கத்துக்கு வந்தது. தமிழில் இதற்குச் சாப்பிரா என்று பெயர் உண்டு. சாப்பிரா விரை என்றால் பழைய நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்குத் தெரியும். ஆந்திராவில் ஜாபரா என்று பயிரே செய்கிறார்கள். திரேதா யுகம் எப்போது என்று கணக்குப் பார்ப்பது என் வேலை இல்லை. கொலம்பஸ் புறப்பட்டது 1492. சீதாப்பிராட்டி அதற்கு முந்தியவர் என்பதில் நாத்திகருக்கும் ஆத்திகருக்கும் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

சரி, "நம் முன்னோர் அனைவரும் பயன்படுத்திய குங்குமம்" என்கிற வாக்கியத்துக்கு வருவோம்.

குங்குமம் என்ற சொல்லே வடமொழியில் முதலில் குறித்தது குங்குமப்பூவை. காஷ்மீரத்துச் சரக்கு. நம் பேச்சில் இன்றும் "பூ" சேர்த்தால் அது, சேர்க்காவிட்டால் நெற்றிப் பொட்டு. வடக்கே வகிட்டில் இடும் சிந்தூரம் வேறு. அதற்கு ஈயச் செந்தூரமும் சாதிலிங்கமும், அதாவது ஈயமும் பாதரசமும், பயன்பட்டு வந்திருக்கின்றன. நம் வீட்டுக் குங்குமம் இந்த இரண்டும் இல்லை. அது மஞ்சள். வெறும் மஞ்சள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறதே, அதைப் பார்க்காத தமிழன் உண்டா? குங்குமமும் அதே மஞ்சளின் வித்தைதான். என் மாமியார் வருஷத்துக்கு ஒருமுறை செய்வார்கள். குண்டு மஞ்சளை உடைத்து, எலுமிச்சம்பழச் சாறும் வெங்காரமும் படிகாரமும் கலந்த கலவையில் ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, திரும்பப் பிரட்டி, உரலில் இடித்து, மெல்லிய துணியில் சலித்து, கடைசியில் துளி நல்லெண்ணெய். நிறம் பளீரென்று இருக்காது. கொஞ்சம் அரக்கு வாடை அடிக்கும். அவர்கள் எண்பது வயதுவரை வைத்த பொட்டு அதுதான். நெற்றி கண்ணாடி மாதிரி இருந்தது.

இத்தனை வேலையும் இத்தனை அறிவும் நம் பாட்டிகளின் கையில் இருந்தது. அதைத் தூக்கி ஒரு அமேசான் மரத்தின் தலையில் வைத்துவிட்டு, "முன்னோர் பெருமை" என்று பலகை நடுகிறோம். முன்னோரைப் பெருமைப்படுத்துகிற லட்சணமா இது? அவர்கள் செய்ததை அழித்துவிட்டுச் செய்யாததை ஏற்றிச் சொல்வதற்கு எங்கள் ஆபீசில் வேறு பெயர்.

இதைச் சொன்னால் எதிர்த்தரப்பு ஒரு கேள்வி கேட்கும். "சார், வடக்கே பழைய நூல்களில் சிந்தூரி என்று ஒரு மரம் வருகிறதே?" வருகிறது. வராமல் என்ன? ஆனால் அது இந்த மரம் இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம்.

நம் நாட்டிலேயே, யாரும் கப்பலில் கொண்டுவராமல், காயிலிருந்து சாயம் தருகிற மரம் ஒன்று உண்டு. கபில மரம். குரங்கு மஞ்சநாறி என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்குத் தொடர்ச்சி மலை, இமயத்தின் அடிவாரம் என்று இந்தியா முழுக்கக் காட்டில் தானாக வளர்வது. அதன் காய் சுண்டைக்காய் அளவுதான், மூன்று பகுதியாக இருக்கும். முள் கிடையாது. காயின் மேலே செங்கல் நிறத்தில் பொடி அப்பியிருக்கும். சாப்பிராவில் சாயம் விதையில், கபிலத்தில் சாயம் காயின் மேல்தோலில். பழுத்த காய்களைக் கூடையில் போட்டு உலுக்கித் தேய்த்தால் பொடி உதிரும். அதைச் சலித்தால் கபிலப்பொடி. சரகர் காலத்து மருத்துவத்தில் கம்பில்லகம் என்று வருவது இதுதான். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து. சித்த வைத்தியத்திலும் உண்டு. வெள்ளைக்காரனும் இதைத் தன் மருந்து நூலில் நாடாப்புழுவுக்காகச் சேர்த்துக்கொண்டான். அதைவிட முக்கியம், பட்டுக்குச் சாயம். கபிலப்பொடி பச்சைத் தண்ணீரில் கரையாது. சாம்பல் காரமோ சோடாவோ சேர்த்துக் கொதிக்க வைத்தால்தான் நிறம் விடும். படிகாரத்தோடு பட்டில் ஏற்றினால் தீக்கொழுந்து மாதிரி ஒரு ஆரஞ்சு. பருத்தியில் அவ்வளவு பிடிக்காது. கலப்படம் கண்டுபிடிப்பதும் சுலபம். தண்ணீரில் தூவினால் நல்ல பொடி மிதக்கும், செங்கல் தூளும் மணலும் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

இந்த மரத்துக்கும் நம் சீமைக்கும் ஒரு சொந்தம்கூட உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனுக்கு 1776-ல் வந்து சேர்ந்தவர் ரோட்லர் பாதிரியார். பிறந்த ஊர் ஸ்ட்ராஸ்பூர், என் பள்ளிக்கூடப் பூகோளத்து ஊர். நம் ஊர்ச் செடிகொடிகளைச் சேகரித்துப் பாடம் பண்ணி ஐரோப்பாவுக்கு அனுப்பியவர். தமிழ்-ஆங்கில அகராதி ஒன்றும் தொகுத்தார். 1836-ல் சென்னையில் காலமானார். தாவரவியல் அறிஞர் ராக்ஸ்பரோ கபில மரத்துக்கு இவர் பெயரை வைத்து ரோட்லெரா என்றார். பிற்பாடு தாவரவியல்காரர்கள் அந்தப் பெயரை மாற்றிவிட்டார்கள். ஆனால் அந்தப் பொடியில் உள்ள சாயப் பொருளுக்கு இன்றும் ரசாயனத்தில் ரோட்லெரின் என்றுதான் பெயர். தரங்கம்பாடிக் கடற்கரையில் தமிழ் படித்த ஒரு மனிதரின் பெயர் உலகத்து ஆய்வுக்கூடங்களில் எல்லாம் புழங்குகிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வடக்கே இந்தக் கபில மரத்துக்கும் சிந்தூரி என்று பெயர், பின்னால் வந்த சாப்பிராவுக்கும் சிந்தூரி என்று பெயர். ஒரே பெயரில் இரண்டு ஆசாமி. எங்கள் ஆபீசில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்து, ஒருவருடைய இன்கிரிமென்ட் இன்னொருவர் சம்பளத்தில் ஏறிய கதை நடந்திருக்கிறது. அதேதான் இங்கும் நடந்தது. பழையவரின் சர்வீஸ் முழுவதும் புதியவர் கணக்கில் ஏறிவிட்டது. பழையவர் காட்டில் கிடக்கிறார். கும்பகோணம் பக்கம் தறிபோடும் ஒரு நண்பரிடம் கபிலப்பொடி என்று கேட்டேன். "அது என்ன சார், சாமி சாம்பிராணியா?" என்றார். பட்டுக்குப் பேர்போன சீமையில் இது நிலைமை.

"இருக்கட்டுமே சார், ஒரு மரம் நடுகிறான், நாலு பேர் பார்த்து நடுவார்கள். கதை பொய்யாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?" இதைக் கேட்டது ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். காலையில் புஷ்ய மண்டபப் படித்துறைவரை என்னோடு நடப்பவர். நல்ல கேள்வி. நஷ்டத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

முதல் நஷ்டம் நெற்றிக்கு. "சீதை மரம்" என்ற பெயர் பரவியதும் "மரக் குங்குமம்", "மூலிகைக் குங்குமம்" என்று பொட்டலம் வர ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீட்டுக்கும் ஒரு உறவுக்காரப் பெண் ஆசையாக வாங்கி வந்தாள். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. நான் என் கிளார்க் புத்தியில் ஒரு காரியம் செய்தேன். மூன்று வெள்ளைத்தாள். ஒன்றில் எங்கள் மரத்து விதையைத் தேய்த்தேன். ஒன்றில் பழைய முறையில் செய்த மஞ்சள் குங்குமம். ஒன்றில் அந்தப் பொட்டலம். மூன்றையும் தெற்கு ஜன்னலில் வெயில் படும்படி ஒட்டி வைத்தேன். ஒரு மாதத்தில் எங்கள் மரத்து நிறம் பாதி வெளுத்துவிட்டது. மஞ்சள் குங்குமமும் மங்கியது. சாப்பிராவின் சாயம் வெளிச்சம் தாங்காது என்பது தெரிந்த விஷயம். மஞ்சளும் அப்படியே. பொட்டலம் மட்டும் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே ஜொலித்தது. தண்ணீரில் போட்டால் உடனே ரோஜா நிறத்தில் ஓடியது. சாப்பிராவின் மெழுகுச் சாயம் எண்ணெயில் கரையும், சும்மா தண்ணீரில் அப்படி ஓடாது. அதற்குள் என்ன இருந்தது என்று நான் சொல்லவில்லை, அது ஆய்வுக்கூடத்தின் வேலை. மரத்திலிருந்து வந்த நிறம் மட்டும் இல்லை என்று சொல்ல என் ஜன்னல் போதும்.

இது விளையாட்டு இல்லை. 2017-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழ் ஒன்றில் ஒரு ஆய்வு வந்தது. நியூ ஜெர்சிக் கடைகளிலும் மும்பை, டில்லிக் கடைகளிலும் வாங்கிய 118 சிந்தூர மாதிரிகளைப் பரிசோதித்தார்கள். சுமார் 80 சதவீதத்தில் ஈயம் இருந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் அந்த நாட்டு வரம்பையும் தாண்டி இருந்தது. அது வடக்கத்திச் சிந்தூரம், நம் குங்குமம் இல்லை என்பது உண்மை. ஆனால் நம் கடைப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கமாவது நமக்கு வர வேண்டாமா? கேட்கவிடாமல் வாயை அடைப்பதுதான் இந்தக் கதை. சீதை வைத்துக்கொண்டது என்று சொன்ன பிறகு எந்தப் பெண் பொட்டலத்தைத் திருப்பிப் பார்ப்பாள்?

"பக்க விளைவு இல்லாத" என்கிறது பலகை. இயற்கை என்றால் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று யார் சொன்னது? சலவைக்காரர் துணியில் குறி போடும் சேங்கொட்டையும் இயற்கைதான். கையில் பட்டால் புண்ணாகிவிடும். சாப்பிராவே சில பேருக்கு ஒவ்வாமை கொடுக்கும். என் மனைவிக்கு ஒத்துக்கொண்டது, அது எங்கள் அதிர்ஷ்டம். உங்கள் வீட்டில் முதலில் முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள்.

இரண்டாவது நஷ்டம் நாக்குக்கு. இந்த மரத்தின் உண்மையான பெருமை நெற்றியில் இல்லை, சமையலறையில் இருக்கிறது. உலகம் பூராவும் வெண்ணெய்க்கும் சீஸுக்கும் நிறம் கொடுப்பது இந்த விதை. நம் உணவுச் சட்டத்திலும் அனுமதித்த இயற்கை நிறங்களில் இது ஒன்று. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் இருக்கிறதென்று புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் தடை போட்டார்களே, நினைவிருக்கிறதா? பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த கை எல்லாருக்கும் ஒருமுறை நடுங்கியது. திருவையாறு என்றால் அசோகா. பயத்தம்பருப்பும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த அமிர்தம். அதன் நிறத்துக்கு வீட்டுக்கு வீடு கேசரிப்பவுடர் டப்பாவைத்தான் திறக்கிறோம். போன தீபாவளிக்கு என் மனைவி சாப்பிரா விதை ஒரு ஸ்பூன் நெய்யில் போட்டு, மெல்லிய தீயில் நிறம் இறங்கியதும் வடிகட்டி, அந்த நெய்யில் அசோகா கிளறினாள். நிறம் கடை அசோகாவுக்குத் துளி குறைவு, அவ்வளவுதான். ருசியில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. வாத்தியார் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மரம் உண்மையிலேயே செய்கிற உபகாரத்தை விட்டுவிட்டு, செய்யாத உபகாரத்துக்கு மாலை போடுகிறோம்.

மூன்றாவது நஷ்டம் பிள்ளைகளுக்கு. பலகையைப் படித்த பையன் நாளைக்குக் கல்லூரியில் தாவரவியல் படிப்பான். அமெரிக்க மரம் என்று தெரிந்துகொள்வான். அன்றைக்கு அவன் மரத்தை மட்டுமா சந்தேகப்படுவான்? பலகை வைத்த கோயிலை, பலகை எழுதிய பெரியவர்களை, சீதையின் கதையை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தள்ளுவான். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. பொன்மீசை முன்னோரை மனப்பாடம் செய்த பையன் நான். பொய் என்று தெரிந்த நாளில், அந்தப் புத்தகத்தில் இருந்த நல்ல விஷயங்கள்மீதும் வெறுப்பு வந்தது. அது தீர எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. அன்னியன் நமக்குப் பொய்ப் பூர்வீகம் சொல்லிக்கொடுத்தான். சரி, அவன் அன்னியன். நாமே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

வெளியூரிலிருந்து வந்ததென்றால் அவமானமா என்ன? மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. முந்திரி பிரேசிலிலிருந்து வந்தது. கொய்யா, பப்பாளி, தக்காளி, நிலக்கடலை எல்லாம் அந்தத் திசைதான். சீதாப்பழம்? சீதையின் பெயரையே வைத்துக்கொண்டு தள்ளுவண்டியில் வருகிறதே, அதற்கும் தாய்வீடு அமெரிக்காதான். பெயர் வைத்தது பிரியத்தினால். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வந்த விருந்தாளிக்கு நம் வீட்டுப் பெயர் வைத்துக் கூப்பிடுவது தமிழன் குணம். சாப்பிராவையும் குங்கும மரம் என்றே கூப்பிடுங்கள். ஆனால் விருந்தாளிக்கு நம் வீட்டில் பிறந்ததாகப் பொய் ஜாதகம் எழுதாதீர்கள். அதுவும் கருங்கல்லில்.

அந்தத் தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்த வாசகம் இது:

"சாப்பிரா என்னும் குங்கும மரம். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. விதையின் செம்மை உணவுக்கு நிறம் தரும். நம் நாட்டுச் சாய மரமான கபிலம் பக்கத்தில் உள்ளது."

கடைசி வரி உண்மையாக வேண்டுமென்றால் ஒரு கபிலக் கன்று வேண்டும். மலையடிவார நர்சரி ஒன்றில் சொல்லி வைத்திருக்கிறேன். நம் களிமண்ணில் அது எப்படி வரும் என்று வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். செலவு என்னுடையது, பலகையில் என் பெயர் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

தம்பி போனில் கேட்டுக்கொண்டார். "உங்க வாசகத்துல பக்தியே இல்லையே சார்" என்றார்.

"பொய் இல்லையே தம்பி" என்றேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். இன்றைக்குப் பன்னிரண்டு நாள் ஆகிறது. கிரானைட் கடைக்காரர் இன்னும் உளி எடுக்கவில்லை என்று கேள்வி.

பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதும்போது பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "என்னங்க, இத்தனை எழுதுறீங்களே, அம்மா செஞ்ச குங்குமத்துக்கு மஞ்சள் எத்தனை, வெங்காரம் எத்தனைன்னு எங்கேயாவது எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை. இரண்டு பேரும் எழுதி வைக்கவில்லை. ஜன்னலில் வெயிலில் மங்கியதே, அது மாமியார் கடைசியாகச் செய்த டப்பாவின் அடியில் மிச்சம் இருந்த குங்குமம். கைக்கணக்கு அவர்களோடு போய்விட்டது. உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டிய யாராவது இருந்து அந்த அளவு தெரிந்திருந்தால், இன்றைக்கே உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிவில் போடுகிறேன்.